சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

நீங்கள் கேட்டது இது: உங்கள் அம்மா சிங்கப்பூரில் உங்கள் வீட்டிலிருந்து, நியூஜெர்சி எடிசனில் இருக்கும் உங்கள் தம்பி வீட்டுக்குப் போகிறார். தூரம் 15,349 என்று ஓர் இடத்தில் போட்டிருக்கிறது, 9,537 என்று இன்னோர் இடத்தில், 8,288 என்று வேறோர் இடத்தில். நேரமோ 17 மணி, 18 மணி 45 நிமிடம், 23 மணி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். டிக்கெட்டைப் பார்த்தால் இரவு ஏறி விடிகாலையில் இறங்குவதுபோல இருக்கிறது. எதை நம்புவது? தம்பியை எப்போது விமான நிலையத்துக்கு வரச் சொல்வது?

நீங்கள் பார்த்த எண்கள் எல்லாமே சரிதான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கணக்கு. நான் பல வருடம் ஒரு விமான நிறுவனத்தின் டிஸ்பாட்ச் அறையில் வேலை பார்த்தவன். விமானம் கிளம்பச் சில மணி நேரம் இருக்கும்போது, அன்றைக்கு எந்த வழியாகப் போகலாம், எவ்வளவு எரிபொருள் ஏற்றலாம் என்று கணக்குப் போட்டு விமானிகளிடம் கொடுப்பதுதான் எங்கள் வேலை. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தூரம். 15,349 என்பது கிலோமீட்டர். அதையே சாலை மைலில் சொன்னால் 9,537. கப்பல்காரர்களும் விமானக்காரர்களும் பயன்படுத்தும் நாட்டிக்கல் மைலில் சொன்னால் 8,288. மூன்றும் ஒரே தூரம்தான். சில தளங்களில் வெறுமனே மைல் என்று போட்டுவிடுவார்கள், எந்த மைல் என்று சொல்வதில்லை. அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. ஒரு நாட்டிக்கல் மைல் 1.852 கிலோமீட்டர் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இன்னொரு தளத்தில் 15,339 என்று பத்து கிலோமீட்டர் குறைத்துக் காட்டினாலும் பதற வேண்டாம். பூமியைச் சுத்தமான உருண்டையாக எடுத்துக்கொண்டால் ஒரு விடை வரும், நடுவில் லேசாகப் புடைத்த உருண்டையாக எடுத்துக்கொண்டால் இன்னொரு விடை வரும். பூமத்திய ரேகையில் பூமியின் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. அந்த 21 கிலோமீட்டர் வித்தியாசம்தான் இதற்குக் காரணம்.

சரி, இந்த 15,349 எந்த வழியாகப் போகும் தூரம்? வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பூக்கட்டும் நூல் ஒரு துண்டு வேண்டும். ஒரு முனையை சிங்கப்பூரில் வைத்து விரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை நியூயார்க் வரை இழுத்து, தொய்வில்லாமல் பிடியுங்கள். நூல் கிழக்கே பசிபிக்கின் நடுவில் போகும், அல்லது மேற்கே இந்தியா, ஐரோப்பா வழியாகப் போகும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். இரண்டும் இல்லை. இறுக்க இறுக்க நூல் மேலே மேலே ஏறி வடதுருவத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். சிங்கப்பூரிலிருந்து நேராக வடக்கு. கம்போடியா, லாவோஸ், சீனாவின் செங்டூ பக்கம், மங்கோலியா, சைபீரியா, அப்புறம் ஆர்க்டிக் பனிக்கடல். துருவத்தைத் தாண்டியதும் கனடாவின் பாஃபின் தீவு, கியூபெக், அங்கிருந்து நேராகத் தெற்கே இறங்கினால் நியூயார்க். இப்படி உருண்டையின் மேல் இழுத்துப் பிடித்த நூல் போகும் வழிக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். சுவரில் மாட்டும் தட்டையான வரைபடத்தில் துருவம் ஒரு கோடாக இழுபட்டுப் போயிருப்பதால் இது கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்த இரண்டு ஊர்களுக்கும் ஒரு தனிச்சிறப்பு உண்டு. சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 டிகிரியில் இருக்கிறது, நியூயார்க் மேற்கில் சுமார் 74 டிகிரியில். கூட்டினால் 178. அதாவது கிட்டத்தட்ட 180. பூமியின் முதுகும் வயிறும் மாதிரி, துருவத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அதனால் இவற்றுக்கு இடையேயான தூரத்தைக் கணக்கிட எந்தத் தளமும் தேவையில்லை, காகிதத்திலேயே போட்டுவிடலாம். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு 1.4 டிகிரி வடக்கே இருக்கிறது, எனவே துருவத்துக்கு 88.6 டிகிரி. நியூயார்க் 40.6 டிகிரி வடக்கே, எனவே அங்கிருந்து துருவத்துக்கு 49.4 டிகிரி. கூட்டினால் சரியாக 138 டிகிரி. ஒரு டிகிரிக்கு 60 நாட்டிக்கல் மைல். நாட்டிக்கல் மைல் என்ற அளவே அப்படிப் பிறந்ததுதான். 138-ஐ 60-ஆல் பெருக்கினால் 8,280. பெரிய கணினி சொல்லும் 8,288-க்கு எட்டு மைல்தான் குறைவு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தக் கணக்கை ஒரு மூத்த டிஸ்பாட்சர் டீக்கடை பில்லின் பின்பக்கத்தில் எனக்குப் போட்டுக் காட்டினார். அன்றைக்கு வந்த சந்தோஷம் இன்னும் மனதில் இருக்கிறது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அம்மா போகிற விமானம் பெரும்பாலும் அந்த நூல் போன வழியில் போகாது. சிங்கப்பூரில் கிளம்பி தென்சீனக் கடலைத் தாண்டி, தைவான், ஜப்பான் பக்கமாக வடகிழக்கே ஏறி, வட பசிபிக்கைக் கடந்து, அலாஸ்கா அல்லது கனடாவின் மேற்குக் கரையில் நிலத்தைத் தொட்டு, கண்டத்தைக் குறுக்கே கடந்து நியூயார்க் வந்து சேரும். இந்த வழியில் தூரம் 16,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். அறுநூறு கிலோமீட்டருக்கும் மேல் சுற்று. ஏன் அப்படிப் போக வேண்டும்?

காற்று. விமானம் ஓடுவது தரையில் இல்லை, காற்றுக்குள். அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருக்கிறது. ஆற்றில் தோணி போவதை நினைத்துக்கொள்ளுங்கள். துடுப்பு போடும் வேகம் ஒன்றுதான், ஆனால் நீரோட்டத்தோடு போனால் சீக்கிரம் கரை சேரலாம், எதிரே போனால் கை ஓய்ந்துவிடும். நீண்ட தூர விமானங்கள் ஒலியின் வேகத்தில் சுமார் 85 சதவீதத்தில் பறக்கும். பதினொரு கிலோமீட்டர் உயரத்தில், வெளியே மைனஸ் 56 டிகிரி குளிரில், அது மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர். இது காற்றுக்குள் விமானத்தின் வேகம். தரையைப் பொறுத்த வேகம் வேண்டுமென்றால் காற்றின் வேகத்தைக் கூட்ட வேண்டும், அல்லது கழிக்க வேண்டும். இருக்கையின் முன்னால் உள்ள திரையில் ஒரு நேரம் 820 என்றும் இன்னொரு நேரம் 1,080 என்றும் காட்டுவது இதனால்தான். விமானி அங்கே வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் காற்றாறு ஒன்று இருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். ஜப்பானுக்கு மேலே குளிர்காலத்தில் அது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். 1920-களில் வசாபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலை அறிஞர் பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்தார். உலகம் முழுக்கப் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, அந்த அறிக்கையை, எல்லா நாட்டவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கிய செயற்கை மொழியான எஸ்பெராண்டோவில் எழுதி வெளியிட்டார். படித்தவர்கள் மிகக் குறைவு. 1944-ன் கடைசியில் டோக்கியோவுக்கு மேலே வந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் மாட்டித் திணறிய பிறகுதான் அதன் பலம் வெளியே பரவலாகத் தெரிந்தது. உழைத்துக் கண்டுபிடித்தவரின் பேச்சு இருபது வருடம் யார் காதிலும் விழாமல் கிடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

டிஸ்பாட்ச் அறையில் பயணத் திட்டக் காகிதம் அச்சாகி வந்ததும் என் கண் முதலில் போகும் இடம் ஒன்று உண்டு. மேலே, தூரத்துக்குப் பக்கத்தில், 'பி' அல்லது 'எம்' என்ற எழுத்தும் மூன்று இலக்க எண்ணும் இருக்கும். பி 021 என்றால் வழி முழுவதும் சராசரியாக 21 நாட் காற்று பின்னாலிருந்து தள்ளும் என்று பொருள், மணிக்கு 39 கிலோமீட்டர். எம் என்றால் எதிர்க்காற்று. அந்த ஓர் எண்ணை வைத்து அன்றைக்குப் பயணம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சுற்று வழி 16,500 கி.மீ. என்றும், சராசரியாக 40 கி.மீ. காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். தரை வேகம் 940. நேரம் 17 மணி 33 நிமிடம். இதுவே 15,349 கி.மீ. குறுக்கு வழியில் சராசரியாக 60 கி.மீ. எதிர்க்காற்று இருந்தால் தரை வேகம் 840-தான். நேரம் 18 மணி 16 நிமிடம். ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் சுற்றிப் போயும் முக்கால் மணி நேரம் முன்னால் போய்ச் சேரலாம், எரிபொருளும் மிச்சம்.

இது என் கற்பனைக் கணக்கு. நிஜத்தில் நடந்ததும் உண்டு. ஏர் இந்தியாவின் டெல்லி–சான்பிரான்சிஸ்கோ விமானம் முதலில் அட்லாண்டிக் வழியாகப் போய்க்கொண்டிருந்தது, சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் பசிபிக் வழியாக மாற்றினார்கள், சுமார் 15,300 கிலோமீட்டர். தூரம் 1,400 கி.மீ. கூடியது, நேரமோ ஏறக்குறைய இரண்டு மணி குறைந்து பதினாலரை மணிக்கு வந்தது. வகுத்துப் பாருங்கள், சராசரி வேகம் மணிக்கு 1,050-க்கு மேல் வரும். தூரத்தை வைத்து நேரத்தை ஊகிக்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

திரும்பி வரும்போது இன்னும் அழகான ஒன்று நடக்கும். வந்த வழியே பசிபிக்கின் மேல் மேற்கு நோக்கித் திரும்பினால் அதே காற்று முகத்தில் அடிக்கும். அதனால் பல நாட்களில் நியூயார்க்கிலிருந்து விமானம் மறுபடியும் கிழக்கு நோக்கியே கிளம்பும். அட்லாண்டிக், ஐரோப்பா, காஸ்பியன் கடல் பக்கம், பிறகு தெற்கே இறங்கி சிங்கப்பூர். போகும்போதும் காற்று பின்னால், வரும்போதும் காற்று பின்னால். இரண்டு ஊர்களும் பூமியின் எதிரெதிர்ப் பக்கத்தில் இருப்பதால்தான் இது முடிகிறது. அப்படி அமைந்தால் அம்மா தம்பி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது உலகத்தை ஒரு முழுச் சுற்று சுற்றியிருப்பார். திரும்பி வந்ததும் அவரிடம் இதைச் சொல்லுங்கள், நிச்சயம் சந்தோஷப்படுவார்.

அடுத்தது 17 மணியா, 18 மணி 45 நிமிடமா என்ற குழப்பம். சக்கரம் தரையை விட்டு எழும்பியதிலிருந்து மறுபடி தரையைத் தொடும் வரை உள்ளது பறக்கும் நேரம். டிக்கெட்டில் போடுவது அது இல்லை. விமானம் பயணிகளை ஏற்றும் வாசலை விட்டுப் பின்னே நகர்ந்த நொடியிலிருந்து அந்த ஊர் வாசலில் போய் நிற்கும் நொடி வரை உள்ள நேரம்தான் டிக்கெட்டில் இருக்கும். இதை பிளாக் டைம் என்போம். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கிய பிறகு வாசல் தேடிப் போவது எல்லாம் இதில் அடக்கம். இரண்டு முனையிலும் சேர்த்து அரை மணி, முக்கால் மணி ஆகும். நியூயார்க் பக்கம் மாலை நெரிசலில் கிளம்பும் முறைக்காக ஒரு மணி நேரம் விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதும் உண்டு. இதற்கு மேல், அந்தப் பருவத்துக் காற்றை முந்தைய வருடங்களின் அனுபவத்தோடு சேர்த்துப் பார்த்து, நிறுவனங்கள் கொஞ்சம் தாராளமாகவே நேரம் போடும். டிக்கெட்டில் 18 மணி 45 நிமிடம் என்று இருக்கும் விமானம் நல்ல காற்றுள்ள நாளில் 18 மணிக்குள் வந்து நிற்பது இதனால்தான். 2018 அக்டோபரில் இந்தத் தடத்தை மறுபடி தொடங்கியபோது முதல் பயணமே 18 மணிக்குக் குறைவாகத்தான் ஆனது.

மறுபடி என்று சொன்னேன் அல்லவா, அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-லேயே நான்கு எஞ்சின் கொண்ட ஏ340-500 விமானத்தில் நியூயார்க்கை ஒட்டிய நூவார்க்குக்கு இடையில் நிற்காத சேவையைத் தொடங்கியது. நான்கு எஞ்சின் குடிக்கும் எரிபொருளுக்குக் கட்டுப்படியாகாமல் 2013 நவம்பரில் நிறுத்தினார்கள். பிறகு இரண்டே எஞ்சின் கொண்ட ஏ350-900 விமானத்தில், இதற்கென்றே அதிக எரிபொருள் கொள்ளும் வகை ஒன்றை ஏர்பஸ் செய்துகொடுத்தது. அது வந்ததும் நூவார்க் சேவை திரும்பியது. 2020 நவம்பரில் ஜான் எஃப் கென்னடி விமான நிலையத்துக்கும் தொடங்கினார்கள். அதுதான் 15,349 கி.மீ., இன்றைக்கு உலகின் மிக நீண்ட பயணிகள் விமானத் தடம். நூவார்க் 15,344 கி.மீ., ஐந்தே கிலோமீட்டர் குறைவு.

அந்த விமானத்தின் எரிபொருள் கொள்ளளவு 1,65,000 லிட்டர். எடையில் சுமார் 130 டன். விமானம் மேலெழும்ப அனுமதிக்கப்பட்ட உச்ச எடையே 280 டன்தான். ஆக முழுதாக நிரப்பினால் எடையில் கிட்டத்தட்ட பாதி எரிபொருள். முதல் சில மணி நேரம் விமானம் செலவழிக்கும் எரிபொருளில் கணிசமான பங்கு, பின்னால் தேவைப்படும் எரிபொருளைச் சுமப்பதற்கே போகிறது. தூரம் கூடக் கூட இந்தச் சுமை கூடிக்கொண்டே போகும். அதனால்தான் சேவை தொடங்கியபோது இதில் வெறும் 161 இருக்கைகள் வைத்தார்கள், 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி கிடையாது. டிக்கெட் விலை அதிகம் என்று நீங்கள் வருத்தப்பட்டீர்கள். இடம் காலியாக விட்டதற்கும் சேர்த்துத்தான் அந்த விலை.

இடையில் எங்கே இறங்க முடியும் என்பதும் வழியைத் தீர்மானிக்கும். இரண்டு எஞ்சின் விமானம் வழியில் எந்தப் புள்ளியில் இருந்தாலும், ஒரே எஞ்சினில் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரு விமான நிலையத்தை அடைந்தாக வேண்டும். வட பசிபிக்கில் அப்படி இருப்பவை மிகச் சில: மிட்வே தீவு, அலூஷியன் தீவுகளில் ஷெம்யா, அலாஸ்காவில் கோல்ட் பே, ஆங்கரேஜ். 2023 ஜூனில் டெல்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோ போன விமானம் எஞ்சின் கோளாறால் ரஷ்யாவின் மகதானில் இறங்கியது, மாற்று விமானம் போய்ப் பயணிகளை ஏற்றிக்கொண்டது. பயணிகளுக்கு அது பெரிய சிரமம், ஆனால் அந்தத் தூரத்து ஊரில் ஓடுபாதை இருந்ததால்தான் எல்லோரும் பத்திரமாக இறங்கினார்கள். இந்த ஊர்களின் பெயர்கள் எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். பயணி ஒருவர்கூட அவற்றைப் பார்க்க நேராமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் விருப்பம்.

வான்வெளி மூடப்பட்டாலும் கணக்கு தலைகீழாக மாறும். 2022-ல் ரஷ்ய வான்வெளி மூடியதும் ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் ஒன்பதரை மணியிலிருந்து ஏறக்குறைய 13 மணிக்குப் போனது. ஊர்களுக்கு இடையேயான தூரம் ஒரு மீட்டர்கூட மாறவில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து அமெரிக்கா போன சில விமானங்கள் ஐரோப்பாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போக வேண்டி வந்தது. எனவே பழைய அட்டவணையை வைத்து யாராவது நேரம் சொன்னால் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி கடிகாரக் கணக்கு. இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். டிக்கெட்டில் இருக்கும் நேரங்கள் அந்தந்த ஊர் நேரங்கள். சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் கோடையில் 12 மணி வித்தியாசம், குளிர்காலத்தில் 13 மணி. மார்ச் இரண்டாம் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். சிங்கப்பூரில் அப்படி ஒரு பழக்கம் இல்லை.

உதாரணத்துக்கு, ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு 11:35-க்குக் கிளம்பி, சனிக்கிழமை காலை 6 மணிக்கு அங்கே இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு 6 மணி 25 நிமிடம். அதோடு 12 மணியைக் கூட்டுங்கள், 18 மணி 25 நிமிடம். அவ்வளவுதான். ஆனால் ஜன்னலுக்கு வெளியே நடப்பது வேறு. கிளம்பிச் சில மணி நேரத்தில் ஜப்பானைத் தாண்டும்போது சூரியன் எழும், அங்கே சனிக்கிழமை காலை. பசிபிக்கின் நடுவில் பன்னாட்டுத் தேதிக் கோட்டைக் கடந்ததும் நாள் மறுபடி வெள்ளிக்கிழமை ஆகிவிடும். வட அமெரிக்காவுக்கு மேலே மாலையும் இரவும் வரும். இறங்கும் நேரத்தில் இரண்டாவது முறையாகச் சனிக்கிழமை விடியும். ஒரே சனிக்கிழமைக்கு இரண்டு விடியல். ஜன்னல் இருக்கை வாங்கியிருந்தால் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லையென்றால் நேரம் தப்பிவிட்டதோ என்று பயந்துவிடுவார்.

திரும்பும்போது இதற்கு நேர்மாறு. வெள்ளி இரவு 10:30-க்கு நியூயார்க்கில் ஏறினால், அப்போது சிங்கப்பூரில் சனிக்கிழமை காலை 10:30. 18 மணி 45 நிமிடம் கூட்டினால் ஞாயிறு காலை 5:15. டிக்கெட்டில் இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் கூட்டல் குறியும் 2-ம் போட்டிருப்பது இதைத்தான் சொல்கிறது. சனிக்கிழமை முழுவதும் வானத்திலேயே கழிந்துவிடும். அழைத்துவர நீங்கள் சனிக்கிழமை விடிகாலையே சாங்கி விமான நிலையத்துக்குப் போய் நிற்காதீர்கள். அப்படிப் போய்க் காத்திருந்து திரும்பிய குடும்பங்களை எனக்குத் தெரியும்.

23 மணி என்று நீங்கள் பார்த்தது அநேகமாக பிராங்பர்ட் வழியாகப் போகும் சேவை. அதே நிறுவனம், ஒரே விமான எண், ஆனால் பிராங்பர்ட்டில் இறங்கி இரண்டு மணி நேரம் போல நின்று பிறகு நியூயார்க் போகும். விமானத் துறையில் டைரக்ட் என்ற சொல்லுக்கு, எண் மாறாமல் போகும் விமானம் என்றுதான் பொருள், நடுவில் நிற்கலாம். நிற்காமல் போவதற்கு நான்-ஸ்டாப் என்று பெயர். முகவர் டைரக்ட் என்று சொன்னால் நடுவில் நிற்குமா என்று கேட்டுவிடுங்கள். ஆனால் அம்மாவுக்கு அது மோசமான தேர்வு என்று நான் சொல்லமாட்டேன். சாதாரண எகானமி அதில் கிடைக்கும், செலவு குறையும், நடுவில் காலாற நடக்கலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒரே மூச்சில் 18 மணி நேரத்தைவிட அதுவே தேவலை என்று தோன்றும். அவரிடமே கேட்டு முடிவெடுங்கள்.

அடுத்த முறை அம்மா சென்னையிலிருந்தே போவதாக இருந்தால் சிங்கப்பூர் வழி வேண்டாம். சென்னையிலிருந்து நியூயார்க் பெருவட்டத்தில் சுமார் 13,475 கி.மீ. துபாய் வழியாகப் போனால் சுமார் 13,950, லண்டன் வழியாகப் போனால் சுமார் 13,775. இரண்டுமே நூலை ஒட்டியே போகின்றன. சிங்கப்பூர் வழியாகப் போனால் 18,260. கிட்டத்தட்ட 4,800 கி.மீ. அதிகம், அதாவது ஐந்து மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும். அங்கே உங்களைப் பார்த்துவிட்டுப் போகிறார் என்றால் அது வேறு கணக்கு.

தம்பி இருப்பது எடிசன் என்பதால் நூவார்க்குக்கே டிக்கெட் எடுங்கள். வானத்தில் ஐந்து கிலோமீட்டர்தான் வித்தியாசம், தரையில் நிலைமை வேறு. நூவார்க்கிலிருந்து எடிசன் அரை மணி, முக்கால் மணி. ஜான் எஃப் கென்னடி நிலையம் குவீன்ஸில் இருக்கிறது. அங்கிருந்து நியூயார்க் நகர நெரிசலைக் கடந்து நியூஜெர்சி வருவதற்குள் இரண்டு மணி நேரம்கூட ஆகிவிடும். 18 மணி நேரம் உட்கார்ந்து வந்தவருக்கு அந்த இரண்டு மணி நேரம் மிகவும் கனக்கும்.

வீல்சேர் வேண்டுமென்றால் கிளம்புவதற்கு 48 மணி நேரம் முன்பே சொல்லிப் பதிவு செய்துவிடுங்கள், கடைசி நேரத்தில் கேட்டால் காக்க வைத்துவிடுவார்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட வேண்டாம். இன்சுலின் போடுகிறவர் என்றால், எந்த நேரத்தில் எவ்வளவு என்று மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். பகலும் இரவும் குழம்பும் பயணத்தில் காலை, இரவு என்று சொன்னால் போதாது, கிளம்பியதிலிருந்து எத்தனையாவது மணி என்று எழுதித் தந்தால்தான் அவருக்கு உதவும். அவர் கைக்கடிகாரத்தை இறங்கும் வரை சிங்கப்பூர் நேரத்திலேயே வைத்திருக்கட்டும்.

தம்பி விஷயம். டிக்கெட்டில் காலை 6 மணி என்று இருந்தால் 6 மணிக்கு வந்து நிற்க வேண்டியதில்லை. காற்று நன்றாக இருந்தால் விமானம் முக்கால் மணி முன்பே இறங்கியும் விடலாம், அதனால் டிக்கெட் நேரத்தை நம்பாமல், விமான எண்ணைக் கைபேசியில் போட்டு அது எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். குடிநுழைவு வரிசை, பெட்டி எடுப்பது எல்லாம் சேர்த்து அம்மா வெளியே வர ஒரு மணி நேரமாவது ஆகும். விமானம் தரையைத் தொட்டது என்று திரையில் வந்ததும் எடிசனில் காரை எடுத்தால் போதும். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போது தம்பி வாசலில் நிற்பார்.